ஓடாத அலையின் மேல் அத்தை

என் வயதுக்காரர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எண்பது வயதைத் தாண்டியபின் யாரிடமும் நல்ல பெயர் வாங்கி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

போன மாசியில் பேத்தி என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பையன்களும் பெண்களும் ஆளுயரப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடலுக்குள் போனார்கள். அலை வரும்போது அதன்மேல் எழுந்து நின்று கரைவரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். "பாத்தீங்களா அம்மாயி, இதெல்லாம் உங்க காலத்துல கனவுல கூட வந்திருக்காது" என்றாள் பேத்தி. "அந்தச் சிவப்புச் சட்டைக்காரனை முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கச் சொல்லு, விழுந்துவிடப் போகிறான்" என்றேன் நான். சொல்லி வாயை மூடவில்லை, அவன் தொபுக்கடீர் என்று விழுந்தான். பேத்தி என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஊருக்கு வந்து கோயில் வாசலில் உங்களிடம் இதைச் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். பழசைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை, நீங்களெல்லாம் பிற்பாடு இங்கே வாழ வந்தவர்கள். பரமத்தி வேலூருக்கு மேற்கே இந்தக் கிராமத்தில் பிறந்தவளுக்கு அலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடல் எங்களுக்கு நூறு மைலுக்கு மேல். ஆனால் காவிரி வீட்டுக் கொல்லையில் ஓடியது. ஊருக்கு மேற்கே, யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாத பழைய கல் அணை அப்போதும் ஆற்றின் குறுக்கே கிடந்தது. தண்ணீர் அதன்மேல் ஏறி இறங்கும் இடத்தில், கீழே பாறையில் மோதி, ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும். கடலில் அலை ஓடி வருகிறது. எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடும், அலை நின்ற இடத்திலேயே நிற்கும். காலையில் பார்த்தாலும் அங்கேதான், சாயங்காலம் பார்த்தாலும் அங்கேதான்.

மேட்டூரில் பெரிய அணை கட்டி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம் அது. எனக்கு ஒன்பது வயது. முன்பெல்லாம் ஆறு நினைத்தால் பெருகும், நினைத்தால் வற்றும். மேட்டூரில் பூட்டுப் போட்டபிறகு அளந்து விட்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஆற்றுக்குச் சீக்கு வந்துவிட்டதாகப் புலம்பினார்கள். அத்தை மட்டும் புலம்பவில்லை. தண்ணீர் ஒரே மட்டமாக வந்ததால் அவளுடைய அலை மாதக் கணக்கில் அசையாமல் நின்றது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயதில் புருஷன் காய்ச்சலில் போய், வெள்ளைச் சீலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மாமியார் வீடு சங்ககிரிக்கு அந்தப் பக்கம், மேட்டாங்காடு. சோளமும் கொள்ளும் விளையும், குடிக்கிற தண்ணீருக்குக் கல்லுக் கிணற்றில் அறுபது படி இறங்க வேண்டும். அவர்கள் "எங்க ஊட்டு மருமக எங்க ஊட்டுலதான் இருக்கோணும்" என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு ஓர் ஆள் குறைகிறது என்பதற்கு அவர்கள் வைத்த மரியாதையான பெயர் அது. அப்பா இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

வெள்ளைச் சீலைக்காரி ஊர் விழிக்கும் முன் ஆற்றுக்குப் போய்வந்துவிட வேண்டும், யார் எதிரிலும் வரக்கூடாது என்பது வழக்கம். அதனால் அத்தை நட்சத்திரம் இருக்கும்போதே துணி மூட்டையோடும் துவைக்கும் பலகையோடும் கிளம்பிவிடுவாள். ஒரு நாள் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள்.

"அம்முணி, அத்தை பின்னாலயே போ. எதுக்கால போயி நிக்காத. ஆத்துல கீத்துல உழுந்து வெச்சுட்டான்னா கத்தி ஊரக் கூட்டு."

நான் கல்லும் முள்ளும் மிதித்துப் பின்னால் போனேன். அணைக்குப் பக்கத்தில் நாணல் புதருக்குள் உட்கார்ந்தேன். கிழக்கு வெளுத்தது. அத்தை சீலையைத் தார்பாய்ச்சிக் கட்டினாள். தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அணையின் மதகுத் தூணில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி, துவைக்கும் பலகைமேல் வயிறு படுத்து, அலைக்குள் இறங்கினாள். நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

எப்படிச் சொல்வேன்? முழங்கால் மடங்கியிருந்தது, இடது கால் முன்னே, ஒரு கையில் கயிறு. பிறகு கயிற்றையும் விட்டாள். தண்ணீர் மொத்தமும் அவள் காலுக்கடியில் இரைந்துகொண்டு ஓடியது, அவள் ஓடவில்லை. ஆற்றுக்கு நடுவில், நின்ற இடத்தில், இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டு நின்றாள். நான் கத்தத் திறந்த வாய் அப்படியே இருந்தது.

கடைசியில் விழுந்தாள். நாற்பது முழம் கீழே போய்த் தலையைத் தூக்கி, நேராக என் புதரைப் பார்த்துச் சொன்னாள்:

"வேவு பாக்க வந்தவ, வந்த கையோட மூட்டையில இருந்து ஒரு துணிய எடுத்தா. காதுல தண்ணி பூந்துருச்சு."

"அத்தை, நீங்க சாவப் போறீங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றேன் நான், அழுதுகொண்டே.

"சாவறதுக்கா? சாவறவ எதுக்குடி பலகைக்கு வெளக்கெண்ண தடவறா?"

அது துவைக்கும் பலகையே அல்ல. வெற்றிலைக் கொடிக்காலில் சாய்ந்து விழுந்த பழைய கல்யாண முருங்கை மரத்தை, துணி துவைக்க என்று சொல்லி ஆசாரியிடம் அறுத்து வாங்கியிருந்தாள். நெட்டி போல எடையில்லாத மரம். தண்ணீர் ஊறாமலிருக்க விளக்கெண்ணெய் தடவி, கால் வழுக்காமலிருக்க நடுவில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றியிருந்தாள். "இத்தன நீளத்துக்கு எந்தச் சீலையம்மா தொவைக்கற?" என்று ஆசாரி கேட்டாராம். "எங்க அண்ணன் ஊட்டுச் சீலையெல்லாம் நீளமுங்க" என்றாளாம்.

இதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. புருஷன் செத்து வந்த புதிதில் ஒருநாள், எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்த உடைந்த கதவு ஒன்று அலையின் முகத்தில் சிக்கி, போகவும் மாட்டாமல் மூழ்கவும் மாட்டாமல் பொழுதுக்கும் நின்றதாம். இவள் துணியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "கதவு நிக்குது, நா நிக்க முடியாதா?" என்று கேட்டாள் என்னிடம். அவ்வளவுதான் காரணம்.

அன்றிலிருந்து நான் வேவுகாரி வேலையை விட்டுவிட்டேன். அம்மா கேட்டால், "தொவைக்கறாங்க" என்பேன். என்னையும் பலகையில் படுக்கவைத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அலைக்குள் விடுவாள். வயிற்றுக்கடியில் ஆறு உறுமும். ஈர நார்க்கயிறும் விளக்கெண்ணெயும் பாசியும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் மழை நாளில் எனக்கு வரும், எங்கிருந்து என்று தெரியாது. வீட்டில் எண்ணெய்க் குடுவை குறைந்துகொண்டே வந்தது. அம்மா ஒருநாளும் யார் எடுத்தது என்று கேட்கவில்லை, வாராவாரம் நிரப்பி வைத்தாள். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் சிந்தினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் அவள். எனக்கு முப்பது வயது ஆனபிறகுதான் இது உறைத்தது.

ஒரு நாள் கேட்டேன், "உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"அதுமேல நின்னா, இத்தன தண்ணியும் போவுது, நா மட்டும் போவல. கோயில்ல நின்னு எனக்கு இப்படி இருந்ததில்ல கண்ணு. எல்லாரும் காவேரியக் கரையில நின்னு கும்புடறாங்க. நா அவகூட நின்னு கும்புடறேன்."

அதைவிடப் பெரிதாகச் சாமியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. மேட்டூரிலிருந்து தண்ணீர் அரைகுறையாக வந்தது. ஆடி நோம்பியும் வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய மூங்கில் தட்டில் நவதானியம் முளைக்கப்போட்டு, மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்து, அணைக்கு மேலே ஆற்றில் விடுவார்கள். அந்தப் பாலிகைத் தட்டு மிதந்துபோய் ஆற்றின் திருப்பத்தில் கண்ணுக்கு மறைய வேண்டும். மறைந்தால் காவிரித்தாய் ஏற்றுக்கொண்டாள், அந்த வருடம் வெள்ளாமைக்குக் குறையில்லை. மறையும்வரை சுமங்கலிகள் யாரும் வாயில் பச்சைத்தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். அத்தையைப் போன்றவர்கள் அன்றைக்கு வாசற்படி தாண்டக்கூடாது.

மற்ற வருடங்களில் ஆடியில் அணையே மூழ்கிக் கிடக்கும், தட்டு நேராகப் போய்விடும். இந்த வருடம் தண்ணீர் குறைவு. தட்டு அணையேறிக் கீழே விழுந்தது, அலையின் காலடியில் சிக்கியது, சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பம்பைக் கொட்டு நின்றுபோனது. இது தண்ணீரின் கணக்கு என்று இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்குக் கரையில் நின்ற அத்தனை பெரிய தலைகளிலும் ஒரு தலைக்கு அது ஏறவில்லை.

"தாயி வாங்கிக்க மாட்டீங்கறா" என்றாள் ஒருத்தி. "எப்பிடி வாங்குவா? வெள்ளச் சீல இன்னைக்கும் விடியக்காலம் முந்திப் போயித் தண்ணியத் தொட்டுருச்சு. நா என்ற கண்ணால பாத்தேன்" என்றாள் இன்னொருத்தி. தீப் பற்ற வேறென்ன வேண்டும்? ஊர்க்கவுண்டர் அப்பாவைக் கூப்பிட்டார்.

"உன்ற தங்கச்சிய அவ மாமியா ஊட்டுக்கு இன்னைக்கே அனுப்பிப்போடோணும். பொழுது உழுகறதுக்குள்ள வண்டி கட்டு. வெள்ளாம போனா ஊரே போச்சு, பாத்துக்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டு உடம்பு பற்றி எரிந்தது. அறுபது படிக் கிணறு. அத்தை அங்கே போனால் ஆற்றை இனி எந்தக் காலத்தில் பார்ப்பாள்? நான் ஓடினேன். அத்தை சமையலறையில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்: தட்டு சிக்கியது, வண்டி கட்டுவது, சங்ககிரி, எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"தட்டு எந்தப் பக்கம் சுத்துது?"

"எ... எடக்கைப் பக்கம்."

"அப்ப வலதுகைப் பக்கம் தண்ணி போற வாயி தெறந்திருக்கும். பலகைய எடுத்தா."

வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருந்த பலகையை நான்தான் இழுத்து எடுத்தேன். உள்ளங்கை கிழிந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது, பார்க்க வேண்டுமானால் வாருங்கள். பட்டப்பகலில், ஆடிப் பதினெட்டில், ஊர் நடுத் தெருவில், அவள் முன்னே, நான் பின்னே, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அவரிடம், "மூடாதீங்க மாமா, கல்லு தடுக்கிப்போடும்" என்றாள்.

கரையில் கூட்டம் விலகியது. விலகாமல் என்ன செய்யும், அவள்மேல் பட்டால் தீட்டு அல்லவா? அன்றைக்குத்தான் அந்தத் தீட்டு எங்களுக்கு உபகாரம் செய்தது. "நில்லு!" என்று ஊர்க்கவுண்டர் கத்தினார், தொட்டு நிறுத்த ஆளில்லை. அத்தை தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தூணில் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்கினாள். எழுந்து நின்றாள்.

தட்டு அவள் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் தடவை எட்டவில்லை. இரண்டாம் தடவை சாய்ந்தாள், பலகை துள்ளியது, விழப்போனாள், விழவில்லை. கயிற்றை விட்டாள். அலையின் வலது ஓரத்துக்குச் சறுக்கிப்போய், தட்டு வந்த நேரம் பார்த்து, வலது காலால் ஓர் உந்து உந்தினாள். முளைப்பாலிகை பச்சையாக ஒருமுறை எழும்பி, ஓட்டத்தில் விழுந்து, நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. திருப்பத்தில் மறைந்தது.

பம்பை முழங்கியது பாருங்கள்! சற்றுமுன் வண்டி கட்டச் சொன்ன வாயெல்லாம் "காவேரித்தாயே" என்றது. வெள்ளைச் சீலை தண்ணீரைத் தொட்டது என்று சொன்னவளே முதலில் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அத்தை பலகையோடு கரையேறியபோது ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாயி, நீ உங்கண்ணன் ஊட்டுலயே இருக்கலாம். ஒருத்தனும் ஒண்ணுஞ் சொல்லமாட்டான். ஆடிக்கு ஆடி உக்காந்து ஊருக்கு வாக்குச் சொல்லோணும். இந்தப் பலகைய மட்டும் கோயில்ல வெச்சுப் பூச பண்ணலாம். சாமி நின்ன பலகை, இனி மனுச காலு படக்கூடாது."

அப்பா பின்னாலிருந்து கெஞ்சினார். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லீரு கண்ணு. ஒரே வார்த்த."

எவ்வளவு சுலபம்! ஒரு வார்த்தை சொன்னால் வீடு, சோறு, மரியாதை, காலில் விழ ஓர் ஊர். நானும் மனதுக்குள் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று வேண்டினேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அத்தை முகத்துத் தண்ணீரை வழித்துப்போட்டாள்.

"எம்மேல எந்தச் சாமியும் வரலீங்க. பத்து மாசமா உழுந்து உழுந்து எந்திரிச்சுப் பழகுனனுங்க. தட்டு சிக்குனது என்னாலயும் இல்ல, போனது தாயோட கோவம் தணிஞ்சும் இல்ல. வாயி எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நீங்களுந் தள்ளலாமுங்க. பலகையக் குடுக்க மாட்டேன்."

சாமி இல்லை என்று சொன்ன உடனே அவள் மறுபடி வெறும் முண்டச்சி ஆகிவிட்டாள். எவ்வளவு சீக்கிரம்! விழுந்து கும்பிட்டவள் எழுந்து புழுதியைத் தட்டினாள். "அப்ப வண்டி கட்டு" என்றார் ஊர்க்கவுண்டர்.

அத்தை என்னைப் பார்த்தாள். குனிந்து என் கிழிந்த உள்ளங்கையைத் தண்ணீரில் அலம்பிவிட்டாள். பிறகு பலகையைத் தண்ணீரில் போட்டு, வயிறு படுத்து, இரண்டு கையாலும் துடுப்பு வலித்துக்கொண்டு, பாறைக்குப் பாறை ஒதுங்கி, அக்கரைக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பரிசல எடுத்துட்டுப் போயிப் புடிச்சுட்டு வாங்கடா!" என்று ஊர்க்கவுண்டர் கூவினார். ஊரில் பரிசல் ஒன்றுதான், அது எங்களுடையது. கரையில் காயக் கவிழ்த்திருந்தது. அப்பா மெல்ல நடந்துபோய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். எழுந்திரு என்றார்கள். எழுந்திருக்கவில்லை. அதட்டினார்கள். வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். வாழ்நாள் முழுக்கச் "சரிங்க" என்ற ஒரே பதிலை வைத்திருந்த மனிதர், பொழுது விழும்வரை அந்தப் பரிசல்மேல் உட்கார்ந்திருந்தார். அவரைக் கோழை என்று நான் அதற்குப்பின் யாரையும் சொல்லவிட்டதில்லை.

அக்கரையில் ஒரு கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள் அத்தை. அந்த ஊர்க்காரர்களும் ஏசினார்கள் என்று கேள்வி. ஏசட்டும், ஆறு அவர்களுக்கும் அதே ஆறுதானே. விடியற்காலையில் நாணல் புதருக்கு நான் போனால், அணையின் அந்தப் பக்கத்து முனையில், அலைமேல் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். எனக்குக் கல்யாணமாகி நான் ஊரைவிட்டுப் போகிறவரை நின்றது. ஒருமுறைகூடக் கை அசைத்ததில்லை, கை அசைத்தால் விழுந்துவிடுவாள் அல்லவா?

அத்தை போய், அம்மா அப்பா போய், போன வருடம் என் வீட்டுக்காரரும் போய்விட்டார். கடைசிக் காலத்துக்குப் பிறந்த மண் என்று நாங்கள் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. இந்த ஆடி நோம்பிக்குப் பாலிகைத் தட்டை என் மகன்தான் எடுத்துப் போகிறான். நேற்று ராத்திரிச் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "நாளைக்கு நீங்க ஊட்டுலயே இருங்கம்மா. ஊருல ஏதாவது பேசுவாங்க. தட்டு கிட்டு சிக்கிக்கிச்சுன்னா அப்பறம் உங்களத்தான் சொல்லுவாங்க."

வெள்ளைச் சீலை கட்டி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளே, நான் போகிறேன். தார்பாய்ச்சிக் கட்ட இடுப்பில் தெம்பில்லை, பலகைமேல் நிற்க முழங்கால் இல்லை. ஆனாலும் நடுத்தெரு வழியாகத்தான் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். தட்டு சிக்கினால் சிக்கட்டும். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மட்டும் யாராவது எனக்குப் பார்த்துச் சொல்லுங்கள், கண் சரியாகத் தெரிவதில்லை.